சிடரைட்டும் நீக்கப்பட்ட இரண்டு வரிகளும்

"மாதிரி அனுப்பிய வாடிக்கையாளர்கள் இதைக் கேட்டார்களா?" என்று மேலாளர் கேட்டார். கேட்கவில்லை என்றேன். "அப்படியானால் எடுத்துவிடுங்கள்" என்றார். மாதிரியை இன்னொரு முறையிலும் சோதித்துப் பார்க்கும்படி நான் எழுதியிருந்த இரண்டு வரிக் குறிப்பை அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டேன். மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிப் பாறைகளைச் சோதித்த அந்த ஆய்வகத்தைவிட்டு விலகி வெகுகாலம் ஆகியும், அப்போது நான் இன்னும் ஒரு வாக்கியமாவது பேசியிருக்க வேண்டுமா என்ற கேள்வி அடங்கவில்லை.

நிலக்கரிக்கு மேலுள்ள பாறையில் இருக்கும் பைரைட் என்ற இரும்பு–கந்தகக் கனிமம், காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலத்தைத் தரும். அதே பாறையில் உள்ள கார்பனேட்டுகள் அதை எவ்வளவு தணிக்கும் என்பதுதான் எங்களிடம் கேட்கப்பட்டது. 1978-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்ட சோபெக் முறைப்படி, பாறைத்தூளை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சூடாக்கி, எஞ்சிய அமிலம் எவ்வளவு என்று காரம் சேர்த்து அளந்து (அதாவது தரம்பார்த்து), ஆயிரம் டன் பாறைக்கு இத்தனை டன் கால்சியம் கார்பனேட் என்று எழுதுவோம்.

அந்த மாதிரித் துண்டு பழுப்பு கலந்த சாம்பல் நிறத்தில், அதே அளவுள்ள களிப்பாறைத் துண்டைவிடக் கைக்குக் கனமாக இருந்தது. குளிர்ந்த அமிலத்தில் ஏறக்குறைய சும்மா கிடந்தது. சூடேறியதும் குமிழிகள் விடாமல் எழுந்தன. இரும்புக் கார்பனேட்டான சிடரைட்டின் இயல்பு அது. தரம்பார்த்து முடித்து நடுநிலையான பி.ஹெச். 7-இல் நிறுத்திய குடுவையைச் சற்று நேரம் அப்படியே வைத்தேன். பச்சை கலந்த வெண்மையாக இருந்த கலங்கல் மேற்பரப்பிலிருந்து துருநிறமாக மாற, மீட்டரின் அளவு 7-க்குக் கீழே இறங்கியது. மீண்டும் காரம் சேர்த்தாலும் மீண்டும் இறங்கியது. கரையும்போது சிடரைட் விழுங்கிய அமிலத்தை, அதிலிருந்து வந்த இரும்பு ஆக்சிஜனேற்றமடைந்து ஹைட்ராக்சைடாகப் படியும்போது திருப்பிக் கொடுத்துவிடுகிறது. தூய சிடரைட்டாக இருந்தால் கூட்டிக் கழித்தால் மிச்சம் சுழியம்தான். சோதனையோ அதைக் கால்சியம் கார்பனேட்டான கால்சைட்டுக்குச் சமமாக எண்ணிக்கொள்கிறது. இதற்காகவே, ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்து இரும்பைச் சோதனையின்போதே ஆக்சிஜனேற்றும் திருத்திய முறை 1997-இல் வெளியாகியிருந்தது. என் குறிப்பும் அதைச் செய்து பார்க்கும்படிதான் சொன்னது.

மேலாளரின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. கேட்ட முறையில் கேட்ட எண்ணைத் தருவது ஆய்வகத்தின் கடமை. அதை வைத்து முடிவெடுப்பது வாடிக்கையாளர்களுடைய நிலவியலாளரின் வேலை. நாங்கள் தந்த எண்ணில் பிழையும் இல்லை. ஆயினும் குடுவை துருநிறமானதைப் பார்த்தவன் நான். அந்த நிலவியலாளர் பார்த்தது எண்ணை மட்டும். ஆஸ்திரியாவின் எர்ட்ஸ்பெர்க் மலையில் இதே கனிமம் இரும்புத் தாதாக வெட்டப்படுகிறது. தூய நிலையில் 48 சதவீதத்துக்குச் சற்று மேல் இரும்பு இருப்பதால் அங்கே அது செல்வம். எங்கள் மேசையிலோ கணக்கைக் குழப்பும் சரக்கு.

என் குறிப்பும் முழு உண்மையாக இருந்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். இயற்கையில் சிடரைட் தூயதாகக் கிடைப்பது அரிது. இரும்பின் இடத்தில் மக்னீசியம், கால்சியம், மாங்கனீசு ஆகியவை கலந்திருக்கும். முதல் இரண்டும் அமிலத்தை உண்மையாகவே தணிக்கக்கூடியவை. மாங்கனீசோ சுரங்க நீரில் கரைந்து தனித் தொல்லையாகும். இவ்வளவையும் எழுதாமல் பெராக்சைடை மட்டும் பரிந்துரைப்பது அரைகுறை ஆலோசனை. எழுதினால் அது இரண்டு வரிகளில் அடங்காது, மேலாளர் இன்னும் விரைவாக எடுக்கச் சொல்லியிருப்பார்.