நாற்பத்தேழாம் பக்கம்

"சரி மேடம், கேஸ் கட்ட அவங்ககிட்ட குடுத்திருதேன்" என்றுதான் சொன்னான் என் ஜூனியர். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

நான் அன்று உயர் நீதிமன்றத்தில், இரண்டு நீதிபதிகள் உட்காரும் டிவிஷன் பெஞ்சில் மாட்டிக்கொண்டிருந்தேன். பாதி வாதத்தில் நின்ற வழக்கு, விட்டுவிட்டு வர முடியாது. எங்கள் பென்ஷன் ரிட் மனு வேறொரு ஹாலில் அடுத்ததாக வரப்போகிறது. என் இரண்டு ஜூனியர்களும், அவனும் அவளும், அங்கேதான் இருந்தார்கள். வழக்கைக் கொஞ்ச நேரம் கழித்து எடுக்கச் சொல்லி பாஸ் ஓவர் கேட்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஏற்கெனவே இரண்டு முறை வாய்தா வாங்கியிருந்தோம். வராண்டாவுக்கு வந்து போன் போட்டு, "அவளையே ஆர்க்யூ பண்ணச் சொல்லுப்பா" என்றேன். இதை நான் சொன்னது அவனிடம். அவளை நேராகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாலாவது கொஞ்சம் தேவலாம்.

அந்தக் கட்டு முழுக்க அவன் வேலை. கட்சிக்காரர் நகராட்சியில் தினக்கூலிக் காவலாளியாகச் சேர்ந்து, பல வருஷம் கழித்து நிரந்தரமானவர். 1.4.2003க்கு முன்னால் நிரந்தரமாகியிருந்தால் பழைய பென்ஷன் கிடைக்கும், தினக்கூலிக் காலத்தில் பாதியும் கணக்கில் சேரும். அதற்குப் பிறகு என்றால் அப்போது சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்தான். நிரந்தர ஆணையின் தேதி 2003 செப்டம்பர், அதனால் பழைய பென்ஷன் கிடையாது என்றது நகராட்சி. ஆணையை மட்டும் படித்த நானும் அரை மனதோடுதான் வழக்கை எடுத்தேன். அவன்தான் பணிப் பதிவேட்டைப் புரட்டி, நிரந்தர ஊழியருக்கான ஊதிய விகிதம் 2002 டிசம்பரிலிருந்தே நடைமுறைக்கு வந்ததாக இருந்த பதிவைக் கண்டுபிடித்தான். "எப்படிப்பா கண்ணுல பட்டுச்சு?" என்று கேட்டேன். அவன் அப்பா பேரூராட்சியில் குடிநீர்த் தொட்டி ஆபரேட்டர். அவருடைய பதிவேட்டுக்காக அலுவலகம் அலுவலகமாக அவரோடு அலைந்தவன். எந்தப் பதிவை எந்தப் பக்கத்தில், என்ன மையில் எழுதுவார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. இதுவும் வீட்டிலிருந்து வந்த அறிவுதான். ஆனால் பயோடேட்டாவில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அவளைக் குறை சொல்ல மாட்டேன். கெட்டிக்காரி, உழைப்பாளி. வக்கீல் குடும்பம், தேசிய சட்டப் பள்ளிப் படிப்பு. அதில் சேர எழுதும் கிளாட் நுழைவுத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்தான் நடக்கிறது, கட்டணம் வருஷத்துக்கு லட்சக்கணக்கில். அதெல்லாம் அவள் போட்ட விதி இல்லையே. அவன் திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரி. நான் மதுரை, பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம்.

நீதிபதி ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "நிரந்தரமானது எந்தத் தேதியிலிருந்து?" அவள் டைப் செட்டில், அதாவது கோர்ட்டில் கொடுத்த ஆவணத் தொகுப்பில், நாற்பத்தேழாம் பக்கத்தைக் காட்டினாள். அங்கே மஞ்சள் சீட்டு ஒட்டி வைத்தது அவன். ரிட் அனுமதிக்கப்பட்டது. நன்றாகத் தயாரித்து வந்திருக்கிறீர்கள் என்று நீதிபதி அவளைப் பாராட்டினார். இதை எனக்குச் சொன்னவனும் அவன்தான், சந்தோஷமாகவே சொன்னான்.

சாயங்காலம் தம்புச் செட்டித் தெரு ஆபீஸில் எல்லோரும் கிளம்பிய பிறகு கேட்டான். "மேடம், என் இங்கிலீஷ்னாலயா?"

"சேச்சே, அதெல்லாம் இல்லப்பா. ஜட்ஜ் கொஞ்சம் கோபக்காரர், அதான்."

அந்த நீதிபதி கோபக்காரர் இல்லை. வக்கீல் திணறினால் அவரே தமிழுக்கு மாறிவிடுவார். இது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

சட்டப்படி உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம், அரசியல் சாசனத்தின் 348வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. தமிழும் வேண்டும் என்று 2006இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டும் ஒன்றும் மாறவில்லை. ஆனால் அன்று நான் 348ஐ நினைத்தா போன் போட்டேன்? கட்சிக்காரரை நினைத்தேன். அறுபது வயதைத் தாண்டிய மனிதரின் பென்ஷனை வைத்து ஒரு ஜூனியருக்குப் பயிற்சி கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறதா? இப்படிக் கேட்டுக்கொண்டால் நான் செய்தது சரிதான் என்று படும். அப்புறம் என் சீனியர் ஞாபகம் வரும். இரண்டாம் வருஷம் என்னைத் தனியாக அனுப்பினார். நான் தொடை நடுங்கித் திக்கி, 'மை லார்ட்' என்பதைத் தவிர வேறெதுவும் வாயில் வராமல் நின்றேன். "பழகிடும்மா" என்றார், அவ்வளவுதான். என் தடுமாற்றத்துக்கு யாரோ ஒரு கட்சிக்காரர் விலை கொடுத்திருப்பார். அவர் பெயர்கூட எனக்கு இப்போது ஞாபகம் இல்லை.

2024 ஜூனில் ஜூனியர்களுக்கு சென்னையில் மாதம் 20,000 ரூபாயாவது தர வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னபோது, இருவருக்கும் ஒரே நாளில் ஒரே தொகையாக ஏற்றினேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அவளுக்கு அது கைச்செலவு. அவனுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன் வாடகை, ஊருக்கு அனுப்புவது, வக்கீலாகப் பதிவு செய்யும் கட்டணத்துக்கு வாங்கிய கடன் எல்லாம் அதிலிருந்துதான். அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் பதிவுக் கட்டணம் 750 ரூபாய்க்கு மேல் கூடாது என்றது, ஆனால் ஏற்கெனவே வாங்கியதைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்றும் சொன்னது. "ரெண்டு வருஷம் லேட்டா பொறந்திருக்கணும் மேடம்" என்று சிரித்தான்.

தீர்ப்பு வந்த அன்று கட்சிக்காரர் என்னிடம் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். "அந்தப் பொண்ணு இங்கிலீஷ்ல என்னமா பேசுச்சும்மா! அப்பவே ஜெயிச்சுட்டோம்னு தெரிஞ்சுபோச்சு." அவர் பேச்சைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. உத்தரவு நகலுக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டு அவன் பக்கத்திலேயே நின்றிருந்தான்.

எட்டு மாதம் கழித்து ஊருக்குப் போய்விட்டான். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றான். உண்மையாகவே இருக்கலாம். இப்போது அங்கே முன்சீப் கோர்ட்டில் தமிழில் வாதாடுகிறான். சிவில் ஜட்ஜ் தேர்வுக்கும் படிக்கிறான்.

போன மாதம் இன்னொரு பென்ஷன் கட்டு வந்தது. பதிவேட்டில் ஒரு பதிவு எனக்குப் பிடிபடவில்லை. படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் கூப்பிட்டு, எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்று சொன்னான். அன்றைய போனைப் பற்றிப் பேசிவிடலாம் என்று வாயெடுத்தேன்.

"வேற எதும் வேணுமா மேடம்?" என்றான்.

"இல்லப்பா, இது போதும்" என்றேன்.