ஜூனியர் லுத்தரன்கள்

சனிக்கிழமை சின்ன மகள் படிக்கும் நார்த்ஃபீல்டுக்குப் போய்வந்த களைப்பு எனக்கு இன்னும் தீரவில்லை. அம்மாவோ அன்று ராத்திரியே வாட்ஸ்அப்பில் திருச்சி முழுவதற்கும் செய்தி வாசித்து முடித்துவிட்டார். பெரிய மாமா, தில்லைநகர் அத்தை, சபைப் பெண்கள் ஐக்கியம் என்று ஒருவரையும் விடவில்லை.

சின்னவளுக்குச் செயின்ட் ஓலஃப் கல்லூரியில் இடம் கிடைத்தபோது வீட்டில் அதிகம் குதித்தது அம்மாதான். படிப்புக்காக இல்லை, மார்ட்டின் லூதர் வழிவந்த எங்கள் சபையின் பெயரில் "லுத்தரன் காலேஜ்" என்று காதில் விழுந்துவிட்டதே. நார்வேயிலிருந்து அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் குடியேறியவர்கள் 1874இல் தொடங்கியது என்று என் வீட்டுக்காரர் பெருமையாக வாசித்துக் காட்டினார். அம்மா மனக்கணக்குப் போட்டார். "நம்ம லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில வந்து இறங்கினது 1706. நாம நூத்தி அறுபத்தெட்டு வருஷம் சீனியர்." அன்றையிலிருந்து மினசோட்டாவில் இருக்கும் அத்தனை லுத்தரன்களும் அம்மாவுக்கு ஜூனியர் பசங்கள்.

அந்தக் கல்லூரியின் கிறிஸ்துமஸ் விழா 1912 முதல் நடக்கிறது. பொங்கலுக்கு ராக்ஃபோர்ட் எக்ஸ்பிரஸில் இடம் பிடிப்பதுபோல அடித்துப் பிடித்து டிக்கெட் வாங்கினேன். ஊருக்குள் நுழையும்போதே அம்மாவுக்கு முதல் புகார் கிடைத்துவிட்டது. நார்த்ஃபீல்டின் முழக்கமே 'பசுக்கள், கல்லூரிகள், மனநிறைவு' என்பதுதான். "மாட்டுக்கு அப்புறம்தான் காலேஜா? இதுக்கா இவ்வளவு ஃபீஸ்?" என்றார். ஃபீஸ் கட்டுகிறவர் வாயைத் திறக்காமல் வண்டியை ஓட்டினார்.

விழா நடப்பது சர்ச்சில் இல்லை, கல்லூரியின் பெரிய விளையாட்டு அரங்கில். அது வேறு பஞ்சாயத்து. பாஸ்கெட்பால் ஆடுகிற இடத்தில் பெத்லகேமா என்று அம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். எங்கு திரும்பினாலும் நார்வே ஸ்வெட்டர். கறுப்பிலும் சிவப்பிலும் நீலத்திலும் பனிப்பூக் கோலம், கழுத்தருகே வெள்ளி நிறத்தில் கொக்கி. நடுவில் அம்மா, அரக்குப் பட்டுப்புடவை, அதன்மேல் இவருடைய பச்சை ஜாக்கெட், காலில் சின்னவளின் பழைய பனிபூட்ஸ். ஸ்வெட்டர் என்ன விலை என்று கேட்டார். சொன்னேன். "இதுக்கு ஒரு காஞ்சிபுரமே எடுத்துடலாமே" என்றார். அப்புறமும் பக்கத்து இருக்கைப் பாட்டியின் கையைப் பிடித்து, தையல் உள்பக்கம் எப்படி இருக்கிறது என்று திருப்பிப் பார்க்காமல் விடவில்லை.

ஐந்நூறு பிள்ளைகளுக்கு மேல் பாடினார்கள், வாசித்தார்கள். பெரிய கோரஸ் பிள்ளைகள் பக்கத்தில் நிற்பவரின் கையைப் பிடித்துக்கொண்டே பாடுவார்கள், அது அவர்கள் வழக்கம். அம்மா என் காதில் சொன்னார்: "நம்ம குவயர்ல சோப்ரானோ பொண்ணும் டெனர் பையனும் கையைப் பிடிச்சா, மறுநாளே பிஷப் வரைக்கும் பெட்டிஷன் போயிடும்." எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் இருமல் வந்து, முன்வரிசையே திரும்பிப் பார்த்தது. பாட்டைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. சின்னவள் எந்த வரிசையில் நிற்கிறாள் என்று தேடுவதிலேயே எனக்குப் பாதி நேரம் போய்விட்டது.

விஷயம் நடந்தது அதற்கு முன்னால், சாப்பாட்டு மேஜையில்.

நார்வே விருந்து என்றால் லூட்டஃபிஸ்க் இருக்க வேண்டும். காட் மீனைக் காயவைத்துக் கருவாடாக்கி, அதைக் காரநீரில் (மிளகாய்க் காரம் இல்லை, சோப்புக்குப் போடும் காரம்) ஊறவைத்து, அந்தக் காரம் போக நாள்கணக்கில் தண்ணீர் மாற்றி, வேகவைத்துத் தட்டில் வைத்தால் கண்ணாடிபோலத் தளதளவென்று ஆடும். மேலே உருக்கிய வெண்ணெய். நாற்றம் பந்தியில் நமக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிடும். நானும் இவரும் மீட்பால் பக்கம் ஒதுங்கிவிட்டோம். அம்மா இரண்டு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டு, எதிரே ஸ்வெட்டர் போட்ட ஒரு தாத்தா இருந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்தார்.

தாத்தா சும்மா இருந்திருக்கலாம். எந்த ஊர் என்று மரியாதைக்குக் கேட்டுவிட்டார்.

மிஷன் ஸ்கூலில் ஆறாம் வகுப்பை நடுங்க வைத்த அதே இங்கிலீஷில் அம்மா ஆரம்பித்தார். 1706 ஜூலை 9. சீகன்பால்கு, கூட வந்த புளுட்சோ. அனுப்பியது யார்? நாலாம் ஃபிரடெரிக். எந்த ஊர் ராஜா? டென்மார்க்குக்கும் நார்வேக்கும்! அதாவது உங்கள் ராஜா! தாத்தாவின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. அனுப்பிய மிஷனரியை 1708இல் தரங்கம்பாடிக் கோட்டையில் நான்கு மாதம் அடைத்து வைத்தது யார்? உங்கள் கமாண்டன்ட்! சொல்லிவிட்டு அம்மா முள்கரண்டியைக் கீழே வைத்தார். பதில் வராமல் எடுக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

மினசோட்டாக்காரர்கள் தாங்கள் செய்யாத தப்புக்கும் மன்னிப்புக் கேட்கிறவர்கள். தாத்தா உண்மையிலேயே "ஐ ஆம் ஸோ சாரி" என்றார். எனக்கு மேஜைக்கு அடியில் போய்விடலாமா என்றிருந்தது. அப்புறம் அவருக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும், நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது டென்மார்க்காரர்கள் செய்தது, மேடம். 1814 வரைக்கும் நாங்களே அவர்களிடம்தான் மாட்டிக்கொண்டு கிடந்தோம்."

அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஐயோ பாவம், நீங்களுமா?" தமிழிலேயே சொல்லிவிட்டார். தாத்தாவுக்கு எப்படியோ புரிந்துவிட்டது.

அதற்கப்புறம் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு டென்மார்க்கை ஒரு வழி பண்ணிவிட்டார்கள். தாத்தா தன் பங்கு லெஃப்ஸாவில் வெண்ணெய் தடவி, சர்க்கரை தூவி, சுருட்டி நீட்டினார். உருளைக்கிழங்குச் சப்பாத்திக்குச் சர்க்கரையா என்று என்னிடம் முகம் சுளித்தாலும், அவரிடம் வாங்கிச் சாப்பிட்டார். லூட்டஃபிஸ்கைப் பற்றி மட்டும் காரில் ஏறியதும் தீர்ப்பு வந்தது: "நல்ல கருவாட்டைக் கெடுத்து வச்சிருக்காங்க. ஒரு புளி இல்ல, ஒரு மிளகாய் இல்ல. வெயில் பார்க்காத ஊர், அதுங்க என்ன பண்ணும்."

போன மாதம் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்ததற்கு எங்கள் அபார்ட்மென்ட் நிர்வாகத்திலிருந்து கதவிடுக்கில் ஒரு காகிதம் வந்தது. 'விரும்பத்தகாத வாசனை' என்று அச்சடித்தே வைத்திருக்கிறார்கள், வீட்டு எண்ணை மட்டும் பேனாவில் எழுதினால் போதும். அதற்குப் பயந்து மிச்சக் கருவாட்டை மூன்று உறை போட்டு ஃப்ரீசரில் புதைத்திருந்தேன். இன்று காலை அது சிங்க்கில் ஊறிக்கொண்டிருக்கிறது.

"இந்த ஊரே இதைவிட மோசமானதைத் தின்னுது, அவன் என்ன சொல்லிடுவான்?" என்கிறார் அம்மா. அவருக்கென்ன, பிப்ரவரியில் திருச்சிக்கு விமானம் ஏறிவிடுவார். லீஸில் கையெழுத்துப் போட்டிருப்பவள் நான். எக்ஸாஸ்ட் ஃபேன் வேறு வேலை செய்யவில்லை, அதைச் சரிபண்ணச் சொல்லி எழுதிக்கொடுத்த காகிதத்துக்கு மட்டும் இதுவரை பதிலே காணோம்.