மெதுவாகப் போகும் ரைடுகள்: என் நாட்குறிப்பு

ஜூன் 6, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை தீம் பார்க் போகிறோம். அம்மா, ஐந்து வயது அக்கா மகள், பதினைந்து வயது அண்ணன் மகன், நான். பெரியவன் இப்போதே சொல்லிவிட்டான்: "சித்தப்பா, அந்தக் குழந்தைங்க ரைடுக்கெல்லாம் என்னைக் கூப்பிடாதீங்க."

எனக்கு மனசு கேட்கவில்லை. தலைகீழாகத் தூக்கிப்போடும் ரைடுகளிலும் நான் ஆசையாக ஏறுகிறவன்தான். ஆனால் ஒரு பார்க் எப்படிப்பட்டது என்று நான் எடைபோடுவது அதன் குதிரை ராட்டினத்தையும் இருட்டுக்குள் போகும் ரைடையும் வைத்துத்தான். அடிவயிற்றைக் கலக்குவதற்கு உயரமும் வேகமும் இருந்தால் போதும். பேத்தியும் பாட்டியும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து, இருவரும் ரசிக்கிற மாதிரி ஒன்றைச் செய்வதற்குத்தான் நிறைய யோசிக்க வேண்டும்.

ரோலர் கோஸ்டரே மெதுவாகத்தான் தொடங்கியது. 1884-இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் லாமார்கஸ் தாம்ப்சன் அமைத்த சுவிட்ச்பேக் ரயில்வே என்ற கோஸ்டர் மணிக்கு சுமார் 10 கிலோமீட்டர் வேகத்தில்தான் ஓடியது. அதில் ஆட்கள் முன்னே பார்த்து உட்காரவில்லை, பக்கவாட்டில் பார்த்து உட்கார்ந்தார்கள். பென்சில்வேனியாவில் 1902-இல் கட்டிய லீப் த டிப்ஸ் என்ற மரக் கோஸ்டரின் உயரம் 41 அடி. அதன் சராசரி வேகமும் மணிக்கு 16 கிலோமீட்டர் போல்தான். இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். கைபேசியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

ஜூன் 8, ஞாயிறு, இரவு

கால் வலிக்கிறது, ஆனாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

முதலில் குதிரை ராட்டினம். சின்னவள் வெளிவரிசையில் உள்ள வெள்ளைக் குதிரைதான் வேண்டும் என்றாள். நான்தான் உள்வரிசைக்குக் கூட்டிப்போனேன். எல்லாக் குதிரையும் ஒரே நேரத்தில்தான் ஒரு சுற்று முடிக்கிறது. ஆனால் மையத்திலிருந்து 6 மீட்டர் தள்ளி இருக்கும் குதிரை, 4 மீட்டரில் இருப்பதைவிட ஒன்றரை மடங்கு வேகமாகப் போக வேண்டும். முதல் தடவை ஏறும் பிள்ளைக்கு உள்வரிசைதான் சரி. அம்மா ஆடாத பெஞ்சு ஒன்றில் உட்கார்ந்துகொண்டார். சின்னவளின் குதிரை மேலே போகும்போதெல்லாம் அவள் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கினாள். நான்காவது சுற்றில் ஒரு கையை விட்டாள். ஆறாவது சுற்றில் அந்தக் கையால் பாட்டிக்கு டாட்டா காட்டினாள். ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் பயம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். கோஸ்டரில் இதற்கு நேரமே கிடைக்காது.

அப்புறம் டீ கப். இதை ஏன் எல்லோரும் பச்சைப் பிள்ளை ரைடு என்கிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. பெரிய தட்டு ஒரு சுற்று, அதன் மேல் சின்னத் தட்டு இன்னொரு சுற்று, கப் தனியாக ஒரு சுற்று. டிஸ்னிலாண்டில் 1955-இல் திறப்பு நாளிலிருந்தே இது இருக்கிறது: மூன்று சின்னத் தட்டு, தட்டுக்கு ஆறு கப். நடுவில் இருக்கும் சக்கரத்தைத் திருப்புவதாக நினைக்கிறோம். உண்மையில் சக்கரம் நிலையாக இருக்கிறது, அதைப் பிடித்து இழுக்கும்போது கப்தான் நம்மோடு சேர்ந்து திரும்புகிறது. எவ்வளவு தலைசுற்ற வேண்டும் என்பதை முடிவு செய்வது நம் கை. அம்மா இருந்ததால் நான் சக்கரத்தைத் தொடவே இல்லை. பாதி தூரத்தில் அம்மாவே, "கொஞ்சம் திருப்பேன்டா" என்றார்.

கடைசியாக ராட்சத ராட்டினம். ஆள் ஏற்றுவதற்காக எங்கள் பெட்டி உச்சியில் நின்றபோது அம்மா பேசவே இல்லை, கீழே பார்த்துக்கொண்டே இருந்தார். 1893-இல் சிகாகோவில் ஃபெர்ரிஸ் என்ற பொறியாளர் கட்டிய முதல் ராட்சத ராட்டினம் 264 அடி உயரம். 36 பெட்டி, பெட்டிக்கு 60 பேர் வரை. முதல் சுற்றில் ஆறு இடத்தில் நின்று ஆள் ஏற்றி இறக்கியது, இரண்டாவது சுற்று நிற்காமல் போனது. எனக்குப் பிடித்திருப்பது அந்த முதல் சுற்றுதான். சும்மா நிற்பதே ஒரு சுகம்.

பெரியவன் நாள் முழுக்கத் தனியாகச் சுற்றினான்.

ஜூன் 9, திங்கள்

நேற்று எழுத விட்டுப்போனது: படகு ரைடு. இதுதான் என்னை ஏமாற்றியது. பாதி பொம்மைகள் அசையவில்லை. ஒரு குரங்கு பொம்மையின் கை தோளில் கழன்று, உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி தெரிந்தது. ஒரு வளைவில் பாட்டே கேட்கவில்லை, தண்ணீர் சலசலப்பு மட்டும்தான். கோஸ்டர் பழுதானால் உடனே மூடிவிடுவார்கள். மெதுவான ரைடு பழுதானால் அப்படியே ஓட்டுகிறார்கள். படகு மெதுவாகப் போவதே ஒவ்வொரு பொம்மையையும் நின்று நிதானமாகப் பார்க்கத்தானே? யுனிசெஃபுக்காக 1964 நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஓவியர் மேரி பிளேரின் வடிவமைப்பில் வந்த இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட் என்ற பொம்மைப் படகு ரைடு, 1966-இல் டிஸ்னிலாண்டுக்குப் போனது, இன்றும் கூட்டம் ஏறுகிறது. அங்கே வேகத்துக்காக யாரும் வரிசையில் நிற்பதில்லை.

பார்க்குக்கு ஒரு கடிதம் எழுதினேன். குரங்கைப் பற்றி மட்டும் ஒரு பத்தி.

ஜூன் 11, புதன்

ஞாயிறன்று ஏறிய இருட்டு ரைடு பற்றி அம்மா இன்றும் பேசினார். அவருக்கு முழங்கால் வலி. நகரும் பட்டையில் கால் வைத்து, நிற்காத வண்டியில் ஏற வேண்டும் என்றதும் தயங்கினார். பணியாளர் பார்த்துவிட்டு, முழு ரைடையும் சில நொடி நிறுத்தினார். அந்த இடத்தில் அந்தப் பார்க் என் மனதில் உயர்ந்துவிட்டது.

சங்கிலி போல வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும் இந்த முறைக்கு டிஸ்னியில் ஆம்னிமூவர் என்று பெயர். 1969-இல் திறந்த ஹாண்டட் மேன்ஷன் என்ற பேய் மாளிகை ரைடு ஓடுவது இதில்தான். வண்டி நம்மைத் திருப்புகிற பக்கம்தான் பார்க்க முடியும். கேமராவைத் திருப்புகிற மாதிரி, நம் முகத்தையே பிடித்துத் திருப்புகிறார்கள். சின்னவள் பயப்படும் காட்சிக்கு முன்னால் வண்டி மெல்ல வேறு பக்கம் திரும்பியதும் அவள் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

ஒரு குறை. குடும்பக் கோஸ்டர்கள் பலவற்றில் இரண்டு பேருக்கும் சேர்த்து மடிமேல் ஒரே கம்பி. அது என் தொடையில் முட்டி நின்றுவிடும், பக்கத்தில் பிள்ளைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அது ஆபத்து என்று சொல்ல வரவில்லை, உயர அளவெல்லாம் பார்த்துத்தான் ஏற்றுகிறார்கள். ஆனால் பிள்ளை வளைவில் சறுக்கிச் சறுக்கி வரும்போது ரசிக்க முடிவதில்லை. தனித்தனிக் கம்பி வைத்த கோஸ்டருக்கு நான் எப்போதும் கூடுதல் மதிப்பெண் போடுவேன்.

ஜூன் 15, ஞாயிறு

மறுபடி போனோம். சின்னவளின் அடம்.

போகிற வழியில் பெரியவனிடம் கோபன்ஹேகனின் டிவோலி பூங்காவில் 1914-இல் கட்டிய மரக் கோஸ்டரைப் பற்றிச் சொன்னேன். இன்றைக்கும் அதில் ஒரு ஆள் ரயிலோடு உட்கார்ந்து, கையால் பிரேக் போட்டுக்கொண்டே வருகிறார். "ஆளா? உள்ளேயேவா?" என்று கேட்டான். இந்தத் தடவை கைபேசி பையில் இருந்தது.

குடும்பக் கோஸ்டரில் சின்னவளோடு உட்கார அவனே வந்தான். நான் கீழே நின்று பார்த்தேன். முதல் இறக்கத்தில் அவள் அலறினாள், அவன் அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். இரண்டாவது வளைவில் அவனும் கத்தினான். இறங்கி வந்ததும், "சித்தப்பா, கடைசி வண்டியில் உட்கார்ந்தா இன்னும் இழுக்கும்போல" என்று மறுபடி வரிசைக்கு ஓடினார்கள். சரியாகத்தான் சொன்னான். ரயிலின் முன்பாதி இறங்கத் தொடங்கியதும் கடைசிப் பெட்டியை மேட்டின் மேல் இழுத்துக்கொண்டு போகிறது.

படகு ரைடிலும் ஏறினேன். குரங்குக்குக் கை பொருத்தியிருக்கிறார்கள், இன்னும் அசையவில்லை.

கிளம்புவதற்கு முன் குதிரை ராட்டினம். சின்னவள் என் கையை உதறிவிட்டு நேராக வெளிவரிசை வெள்ளைக் குதிரைக்குப் போனாள். பக்கத்துக் குதிரையில் அம்மா ஏறியிருந்தார்.