அப்பாயியின் கைலாசம்

ஹட்டனில் ஒரு நகைக்கடையில் கொடுத்த கலண்டர் அது. ஜனவரிப் பக்கத்தில் தலையோடு கால் பனி போர்த்திய மலை. ஆணியில் மாட்டிய கையோடு அப்பாயி குளித்துவிட்டு வந்து, உச்சியில் மூன்று விரலால் திருநீறு இழுத்துவிட்டது.

"கைலாசம்டா. கும்பிட்டுக்கோ."

மூலையில் எறும்பெழுத்தில் 'மவுண்ட் ரெய்னியர்' என்று போட்டிருந்தது. நமக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "அப்பாயி, இது அமெரிக்காவுல, வாஷிங்டன் மாநிலத்துல, கேஸ்கேட் மலைத்தொடர்ல இருக்கு. உயரம் 4,392 மீட்டர். நம்ம நாட்டுலயே உசந்த மலை பேதுருதாலகாலையே 2,524தான். அதோட இது எரிமலை" என்றேன்.

கொழுந்து எடுத்துவிட்டு வந்த எதிர்க் காம்பரா அக்கா, கூடையை இஸ்தோப்பில் இறக்காமலே கேட்டார்: "சிவனொளிபாத மலையும் கூம்பாத்தானே இருக்கு தம்பி? வெடிச்சிருமா?"

இலங்கையில் எரிமலையே கிடையாது, நம்முடையது பல கோடி வருசத்துப் பழம்பாறை, அரிபட்டு அரிபட்டு அந்த உருவம் வந்தது என்றேன். ரெய்னியர் அப்படியில்லை. எரிமலைக் குழம்பும் சாம்பலும் மாறி மாறிப் படிந்து எழும்பியது. உள்ளே சூடு கூடினால் மேலே இருக்கிற பனியாறு உருகி, சாம்பல், கல், மண்ணெல்லாம் அள்ளிக்கொண்டு சேறாக இறங்கும். சுமார் 5,600 வருசத்துக்கு முன்னால் அப்படி இறங்கிய ஒன்று கடல்வரைக்கும் போயிருக்கிறது. அடிவாரத்து ஓர்ட்டிங் ஊரில் இதற்கென்றே சைரன் வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மேட்டுக்கு நடந்து பழகுகிறார்கள்.

"மழை பேஞ்சா நம்ம மேட்டுலயிருந்து கீழ ஓடுறோம், அவுங்க கீழயிருந்து மேட்டுக்கா?" என்று அக்கா சிரித்தார். மண்சரிவு எச்சரிக்கை வந்தால் ராத்திரியில் மூட்டை கட்டுகிறவருக்குத்தான் அந்தச் சிரிப்பு வரும்.

அப்பாயி மட்டும் அசையவில்லை. வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டது:

"தலையில தண்ணி. உள்ளுக்குள்ள நெருப்பு. வேற யாருடா அது?"

என்ன பதில் சொல்வது? நான் பிளேன்டீ குடிக்கப் போய்விட்டேன்.

வினை பெப்ரவரி பிறந்ததும் வந்தது. பக்கத்தைப் புரட்டவே விடவில்லை. "சாமிய மடிச்சு பின்னால தள்ளுவியா?" பௌர்ணமிப் போயாவா, லீவா, எது கேட்டாலும் எங்கள் வீட்டுச் சுவரில் ஜனவரிதான்.

போன வாரம் சிவராத்திரி என்றைக்கு என்று பார்க்க எதிர்க் காம்பராவுக்குப் போனது யார் தெரியுமா? அப்பாயிதான்.