கொட்டாவி விட்ட நடுவர்கள்

பத்தாம் வகுப்பில் விவாதப் போட்டி பற்றி ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை எழுதச் சொன்னார்கள். நடுவர்கள் ‘டிஸின்ட்ரெஸ்டட்’ ஆக இருந்தார்கள் என்று எழுதினேன். மூன்று பேரும் கொட்டாவி விட்டதைத்தான் கொஞ்சம் நாசூக்காகச் சொல்லப் பார்த்தேன். மாஸ்டர் அதை உரக்க வாசித்தார். “கையெழுத்து கோழி கிளறினமாதிரி இருக்கு. ஆனால் ஒரு நடுவரை இதைவிடப் பெரிதாகப் புகழ ஏலாது” என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கரும்பலகையில் ‘இன்ட்ரெஸ்ட்’ என்று எழுதி, அதன் கீழே ஆர்வம், வட்டி என்று இரண்டு சொற்களைப் போட்டார். ஆர்வம் இல்லாதவர் ‘அன்இன்ட்ரெஸ்டட்’. அந்த விஷயத்தில் ஒரு சதம்கூட ஆதாயம் இல்லாதவர் ‘டிஸின்ட்ரெஸ்டட்’. “தம்பி பேசுகிற போட்டிக்கு அண்ணனை ஏன் நடுவராகக் கூப்பிடுவதில்லை? அவனுக்கு அதில் வட்டி இருக்கு!” வகுப்பே சிரித்தது. நல்ல நடுவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார், ஆனால் யார் வென்றாலும் அவருக்கு ஒன்றுதான். ஆர்வமும் இந்தச் சொல்லும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கலாம் என்பது அந்த வட்டிக் கணக்கால்தான் எனக்குப் பிடிபட்டது.

வெளிநாட்டில் வேலைக்கு வந்தபின், அலுவலகத் தகராறு ஒன்றை விசாரிக்க என்னைப் பரிந்துரைத்த மேலாளர் இதே சொல்லால் என்னைக் குறிப்பிட்டார். பக்கத்திலிருந்தவர் எனக்காகக் கோபப்பட்டார். அவருக்கோ ஆங்கிலம் தாய்மொழி! நான் மட்டும் உள்ளுக்குள் பூரித்துப்போனேன். அன்று பிடித்தது வியாதி. கண்ணில் படுகிறவர்களை எல்லாம் திருத்தத் தொடங்கினேன்.

ஒருநாள் பெரிய அகராதி ஒன்றைப் புரட்டியபோது அது நின்றது. 17ஆம் நூற்றாண்டில் ‘டிஸின்ட்ரெஸ்டட்’ ஆர்வமில்லாத என்ற பொருளிலும் வழங்கியிருக்கிறது. ஜான் டன் என்ற ஆங்கிலக் கவிஞரே அப்படி எழுதியிருக்கிறார். ‘அன்இன்ட்ரெஸ்டட்’ அந்தக் காலத்தில் நடுநிலையைக் குறித்திருக்கிறது. பிறகு இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. இன்றைய அகராதிகள் ‘டிஸின்ட்ரெஸ்டட்’டுக்கு இரண்டு பொருளையும் தருகின்றன, ஆர்வமின்மைக்கு அதை எழுதினால் பலர் பிழை என்பார்கள் என்ற எச்சரிக்கையோடு.

நான் இன்றும் மாஸ்டர் சொன்னபடிதான் எழுதுகிறேன். ஆதாயம் பார்க்காதவர் என்பதை இத்தனை சுருக்கமாகச் சொல்ல ஆங்கிலத்தில் வேறொரு சொல் எனக்கு அகப்படவில்லை. ஜான் டன் கதையை மாஸ்டருக்கு ஒரு கடிதமாக எழுதவேண்டும் என்று பலமுறை நினைத்தேன். எழுதியிருந்தால், முதலில் கையெழுத்தைப் பற்றித்தான் பதில் வந்திருக்கும்.