தேயிலைத் தொழிற்சாலையில் அன்சிபிளை எதுவரை விடலாம்?

குன்னூர், கோத்தகிரி பக்கம் தேயிலைத் தொழிற்சாலைகளில் இலையை வாட்டும் ட்ரஃப் (விசிறிக் காற்று வரும் நீளத் தொட்டி), ட்ரையர் என்று ஒவ்வொன்றாக பி.எல்.சி.க்குக் (இயந்திரத்தை ஓட்டும் கட்டுப்பாட்டுக் கணினி) கீழே வருகின்றன. பார்த்ததும் எங்களைப் போல சர்வர் வேலை செய்பவர்களுக்குக் கை அரிக்கும். பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் மென்பொருளான அன்சிபிள் இருக்கிறதே, ஒரே ஸ்கிரிப்டில் எல்லா விசிறியையும் ஓட்டினால் என்ன?

ஓட்டலாம். பி.எல்.சி.க்குள் பைத்தான் எல்லாம் பெரும்பாலும் கிடையாது என்பதால் ஸ்கிரிப்ட் நம் கம்ப்யூட்டரிலேயே ஓடி, மோட்பஸ் என்ற, தொழிற்சாலைக் கருவிகள் பேசிக்கொள்ளும் முறை வழியாக 502ஆம் போர்ட்டுக்குப் போய் ரெஜிஸ்டரில் (பி.எல்.சி.யின் நினைவகத்தில் ஒரு இடம்) ஒரு எண்ணை எழுதும், அவ்வளவுதான். மோட்பஸ் 1979இல் வந்தது, பாஸ்வேர்டு கேட்கிற வழக்கமே அதற்கு இல்லை. அந்த நெட்வொர்க்கை ஆபீஸ் வைஃபையோடு கலந்து வைப்பவர்களின் தைரியம் எனக்கு வராது.

அன்சிபிள், நாம் எதுவும் சொல்லாவிட்டால், ஒரே நேரத்தில் 5 இயந்திரங்களுக்கு வேலை கொடுக்கும். சர்வருக்கு அது வசதி. ஆனால் நேரடியாக ஸ்டார்ட் ஆகும் மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும், ஐந்து விசிறியும் சேர்ந்து கிளம்பினால் மெயின் பிரேக்கர் டிரிப் ஆகலாம், ஜெனரேட்டரில் ஓடும் நேரமென்றால் இன்னும் மோசம். சீரியல் 1 (ஒரு நேரத்தில் ஒன்று மட்டும்) என்று போட்டு நடுவில் இடைவெளி விடுங்கள். அப்புறம், கரண்ட் போய் வந்ததும் ஸ்கிரிப்ட் தானாக எதையும் ஓட்டக் கூடாது, உள்ளே கைவிட்டு யாராவது சுத்தம் செய்துகொண்டிருக்கலாம். அப்படித் தானாக ஓடவிடாத பூட்டும் எமர்ஜென்சி ஸ்டாப்பும் பேனலிலேயே, ஒயரிலேயே இருக்க வேண்டும்.

சர்வரில் யாரோ கையால் மாற்றிய செட்டிங் என்றால் யோசிக்காமல் பழையபடி ஆக்கிவிடுவோம். இங்கே தென்மேற்குப் பருவமழையில் இலை நனைந்து வரும், மேலே ஒட்டிய தண்ணீர் போகட்டும் என்று டீ மேக்கர், அதாவது தேயிலைத் தயாரிப்பைக் கவனிப்பவர், ட்ரஃபுக்குச் சூடான காற்றைக் கூட்டி வைத்திருப்பார், நம் ஸ்கிரிப்ட் நடுராத்திரியில் அதைச் 'சரிசெய்து'விட்டால் விடியும்போது இலை வாடாமல் கிடக்கும், திட்டு வாங்குவது அவர்.

அதனால் எழுத விடுவதைவிடப் படிக்க விடுவதே எனக்குப் பிடிக்கிறது. ராத்திரி எல்லா பேனலின் செட்பாயிண்டையும் (வைத்திருக்கும் அளவு) படித்து கிட்டில் (மாற்றங்களைப் பதிவு செய்யும் மென்பொருள்) போடும், மாறியிருந்தால் மெசேஜ் வரும். டீ மேக்கரிடம் கேட்டால் பெரும்பாலும் காரணம் இருக்கும், அதையும் கமிட்டோடு (கிட்டில் போடும் அந்தப் பதிவோடு) எழுதி வைக்கிறேன், அடுத்த ஜூனில் தேட வசதி.