டேப்பும் சேர்ந்து நீண்டா?

ஒரே கேள்விய ரெண்டு பேர் கேட்டாங்க, ரெண்டு பேருக்கும் வேற வேற பதில் சொன்னேன். ரெண்டுமே சரியான பதில்தான், இப்ப கேட்டாலும் அதுல எதையும் வாபஸ் வாங்க மாட்டேன். ஆனா ஏதோ உறுத்திக்கிட்டே இருக்கு, அதான் எழுதிப் பாக்குறேன்.

மொதல்ல கேட்டது தென்னாப்பிரிக்கால, டர்பன்ல இருக்குற சாட்ஸ்வொர்த்ல ஒரு ஆன்ட்டி. ஈர்ப்பு அலை பத்தி, அதாவது ஸ்பேஸையே நீட்டி சுருக்கிக்கிட்டு போற அலை பத்தி, பொதுமக்களுக்கு நான் பேசுன கூட்டம் அது. டர்பன் கார்மென்ட் ஃபேக்டரில ரொம்ப வருஷம் துணி வெட்டுற வேலை பாத்து ரிட்டையர் ஆனவங்க. நான் அப்பதான் 2015 செப்டம்பர் 14 கதைய சொல்லி முடிச்சிருந்தேன். சூரியன போல 36 மடங்கு எடை ஒண்ணு, 29 மடங்கு ஒண்ணு, ரெண்டு கருந்துளை ஒண்ண ஒண்ணு சுத்தி கடைசில ஒண்ணாயிடுச்சு, ஆனா கூட்டுனா 65 வரணும், வந்தது 62 தான், மிச்ச 3 சூரியன் எடை அப்படியே ஈர்ப்பு அலையா கெளம்பி 130 கோடி வருஷம் கழிச்சு பூமிய கடந்து போச்சு, அப்ப அமெரிக்கால ஈர்ப்பு அலைய பிடிக்குற லைகோங்கற கருவியோட 4 கிலோமீட்டர் கை (கண்ணாடி வச்ச நீளமான குழாய், அப்படி ரெண்டு இருக்கு) ஒரு புரோட்டான் அகலத்துல நூத்துல ஒரு பங்கு கூட இல்லாத அளவுக்கு நீண்டு சுருங்குச்சு, அத லேசர வச்சு அளந்தாங்க. இந்த எடத்துல வழக்கமா "கருந்துளை நம்ம பூமிய முழுங்கிடுமா"ன்னுதான் கேப்பாங்க.

இவங்க கேட்டது: "தம்பி, துணி நீளும்போது டேப்பும் கூடவே நீண்டா டேப்ல அதே நம்பர்தான காட்டும்? ஸ்பேஸே நீளுதுன்னு சொல்றீங்க, அப்ப அதுக்குள்ள போற வெளிச்சமும் நீளாதா?" பேசுனது இங்கிலீஷ்ல, தம்பி மட்டும் தமிழ்.

நான் சொன்னேன், "வெளிச்சத்தோட வேகம் மாறாது ஆன்ட்டி. அதனால நாங்க நீளத்த அளக்கல, வெளிச்சம் போயிட்டு திரும்பி வர்ற நேரத்ததான் பாக்குறோம்." அவங்க தலையாட்டிட்டு உக்காந்துட்டாங்க. அடுத்த கை தூக்குனது ஒரு ஸ்கூல் பையன், நேரமும் இல்ல, நான் அந்தப் பக்கம் திரும்பிட்டேன்.

அப்புறம் கொஞ்ச நாள்லயே டிபார்ட்மென்ட் செமினார்ல ஒரு கெமிஸ்ட்ரி ப்ரொஃபசர் அதையேதான் கேட்டாரு, அலைநீளமும் சேர்ந்து நீளணுமே, அப்ப அத எப்படி ஸ்கேலா வச்சு அளக்குறீங்கன்னு. அவருக்கு நான் போர்டுக்கு போயி முழுசா போட்டேன். ஆமா சார், அலை வர்ற நேரத்துல கைக்குள்ள இருக்குற வெளிச்சம் நீளத்தான் செய்யுது. ஆனா 4 கிலோமீட்டர் போயிட்டு திரும்ப அதுக்கு 27 மைக்ரோசெகண்ட் போதும். கண்ணாடிங்க அத முன்னூறு தடவ போல திருப்பித் திருப்பி அனுப்புனாலும் சில மில்லிசெகண்ட்ல வெளிய வந்துரும். ஈர்ப்பு அலை 35 ஹெர்ட்ஸ்ல இருக்கும்போது ஒரு சுத்து முடிக்கவே 28 மில்லிசெகண்ட் ஆகும். அதுக்குள்ள பழைய வெளிச்சம் போயி லேசர்லருந்து புதுசு வந்துக்கிட்டே இருக்கு, அந்தப் புது வெளிச்சத்தோட அலைநீளத்த லேசர்தான் முடிவு பண்ணுது, அது ஈர்ப்பு அலையில நீண்ட வெளிச்சம் இல்ல. ஆனா போக வேண்டிய தூரம் கூடியிருக்குறதால அது லேட்டா வந்து சேரும், அந்த லேட்டத்தான் லைகோ பாக்குது. அவரு விடல, நானும் விடல, செமினார் முடிஞ்சும் ரெண்டு பேரும் போர்டு பக்கத்துலயே நின்னோம்.

அந்த ஆன்ட்டிக்கு ஏன் இவ்வளவும் சொல்லல? கூட வேலை பாக்குற நம்மூரு நண்பன் கிட்ட கேட்டேன். "டேய், ஹால்ல போயி மில்லிசெகண்ட் கணக்கு போட்டா எவன் உக்காந்துருப்பான், நீ சொன்னது கரெக்ட்டு"ன்னான். அவன் சொல்றதும் ஞாயம்தான். இருநூறு பேருக்கு முன்னாடி எங்கயாச்சும் நிறுத்தித்தான் ஆகணும், நான் நிறுத்துனது பொய்யான எடத்துல இல்ல.

ஆனா கேள்வியோட தரத்த பாக்கணும்ல. ஐன்ஸ்டைனே 1936ல கூட வேலை பாத்த ரோசனோட சேர்ந்து ஈர்ப்பு அலைன்னு ஒண்ணு கிடையாதுன்னு கட்டுரை எழுதிட்டு அப்புறம் மாத்திக்கிட்டவரு. எடமும் அளவுகோலும் சேர்ந்து மாறுனா எது நெஜமான மாற்றம், எது வெறும் கணக்குல வர்ற மாற்றம்னு பெரிய பெரிய ஆளுங்க 1957ல அமெரிக்கால சேப்பல் ஹில்ல நடந்த இயற்பியல் மாநாடு வரைக்கும் சண்டை போட்டாங்க. அந்த எடத்துக்கு இவங்க கட்டிங் டேபிள்லருந்து நேரா வந்துட்டாங்க. ப்ரொஃபசருக்கு விவாதம் கெடச்சுது, இவங்களுக்கு ஒரு வரி. இத யோசிச்சா கஷ்டமா இருக்கு.

இன்னொரு பக்கம் பாத்தா, அந்த ஒரு வரிதான் ஒசத்தியோன்னும் தோணுது. ப்ரொஃபசர் கிட்ட சொன்ன "வெளிச்சம் நீளுது" எல்லாம் நாம எந்த கோஆர்டினேட்ட, அதாவது எடத்தையும் நேரத்தையும் குறிக்க எந்தக் கணக்கு முறைய, எடுக்குறோம்ங்கறத பொறுத்தது. ஒரு கணக்குல கண்ணாடி அசையாம இருக்கும், நடுவுல இருக்குற ஸ்பேஸ் நீளும். இன்னொரு கணக்குல ஸ்பேஸ் பத்தி பேச்சே இல்ல, ஒரு சின்ன விசை கண்ணாடியத் தள்ளும். எந்தக் கணக்கு போட்டாலும் மாறாதது ரெண்டு கைல இருந்தும் வெளிச்சம் திரும்பி வர்ற நேரத்துல இருக்குற வித்தியாசம் மட்டும்தான். அதத்தான் ஆன்ட்டிக்கு சொன்னேன். அப்ப அவங்களுக்குத்தான் நல்ல பதில் போச்சுன்னு கூட வாதாடலாம், பல ராத்திரி வாதாடியும் இருக்கேன். ஆனா அவங்க தலையாட்டுனது புரிஞ்சதாலயா, இல்ல சின்னவன் பெரிய படிப்பு படிச்சவன் சொல்றான், சரியாத்தான் இருக்கும்னா? அது எனக்குத் தெரியாது, நான் திரும்பிப் பாக்கவும் இல்ல.

அடுத்து டர்பன் பக்கத்துல ஃபீனிக்ஸ்ல பேசணும். மீர்கேட்ங்கற ரேடியோ டெலஸ்கோப்லருந்து ஆரம்பிக்கலாமான்னு யோசிக்குறேன். தென்னாப்பிரிக்காவோட கரூ வறண்ட நிலத்துல இருக்குற அதோட 64 டிஷ்ஷ வச்சு, 83 பல்சார் (வேகமா சுத்திக்கிட்டு ரேடியோ துடிப்பு அனுப்புற செத்த நட்சத்திரங்க) அனுப்புற துடிப்பு எப்ப வந்து சேருதுன்னு வருஷக்கணக்கா பாத்து, ராட்சச கருந்துளை ஜோடிங்க கெளப்புற அலையா இருக்கலாம்ங்கற அடையாளத்த 2024 டிசம்பர்ல வெளியிட்டாங்க. அதுல மொதல்லருந்தே நேரம்தான், துடிப்பு கொஞ்சம் முன்னாடி வருது, கொஞ்சம் லேட்டா வருது, நீளத்த பத்தி பேசவே வேண்டாம். நம்ம நாட்டு டெலஸ்கோப்புன்னு சனங்களும் சந்தோஷமா கேப்பாங்க. "ஸ்பேஸே நீளுது" ஸ்லைட எடுத்துட்டா பேச்சு சுத்தமா, தப்பு கண்டுபிடிக்க எடமில்லாம இருக்கும். ஆனா அந்த ஸ்லைடு இருந்ததாலதான ஆன்ட்டி எந்திரிச்சாங்க? இப்போதைக்கு ரெண்டு வெர்ஷனும் லேப்டாப்ல இருக்கு.